வாசகர் கேள்வி பதில்: மைதான ஓரத்து மாணவர்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் அத்லெட்டிக் டிரெய்னர்களுக்குத் துணையாக வேலை பார்க்கும் இளங்கலை மாணவர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: ஜார்ஜியாவில் முதலாண்டு படிக்கும் என் மகள், பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் டிரெய்னருக்கு உதவியாகச் சேர்ந்திருக்கிறாள். ஜிம் மாஸ்டருக்கு எடுபிடி வேலையா இது? இதை முடித்தால் அவளும் டிரெய்னர் ஆகிவிடலாமா?
– ஒரு தாய், மதுரை

ப: ஜிம் மாஸ்டர் இல்லை, பெயர்தான் குழப்புகிறது. காயம் படாமல் காப்பது, பட்டால் களத்திலேயே பார்ப்பது, பிறகு தேற்றி எடுப்பது மூன்றையும் படித்துவிட்டு மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்பவர் அத்லெட்டிக் டிரெய்னர். கலிஃபோர்னியா தவிர மற்ற மாநிலங்களில் இந்தத் தொழிலுக்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு.

ஒரு காலத்தில் இதற்கு இளங்கலைப் பட்டமே போதும். 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளங்கலை வகுப்புகளில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது முதுகலை படித்து, தேசியத் தேர்வு எழுத வேண்டும். மகள் இப்போது செய்யும் மணி நேரங்கள் அந்தத் தேர்வுக்குக் கணக்கில் வராது. அந்த முதுகலையில் சேர உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறு, உடலியங்கியல் ஆகிய பாடங்கள் கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும். எந்தப் பட்டம் படித்தாலும் இவற்றை இப்போதே நுழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடுபிடி வேலையா என்றால், பாதி ஆமாம்தான். ஐஸ், தண்ணீர், டவல், மேசை துடைப்பது எல்லாம் உண்டு. மேசை துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்தால் கிருமி சாகாது. புட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு முடியும்வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும்.

கே: கணுக்காலுக்கு டேப் சுற்றிப் பழகுகிறேன். சுருக்கம் விழுகிறது. ஒரு வீரர் பாதம் மரத்துப்போகிறது என்றார். என்ன தப்பு?
– மாணவர், ஓஹாயோ

ப: முதலில் ஒன்று. உதவி மாணவர் வீரருக்கு டேப் சுற்றலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் டிரெய்னரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அறைத்தோழன் கால் போதும்.

பாதம் கீழ்க்காலுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் வீரர் பாதத்தைத் தொங்கவிட்டால் சுற்றியதெல்லாம் வீண். குதிகால் பின்பக்கமும் பாதம் மடியும் முன்பக்கமும் வாசலின் தடவிய சிறு பஞ்சுத் துண்டு. அதன் மேல் மெல்லிய ஃபோம் ஒரே அடுக்கு. பிறகு ஒன்றரை அங்குல வெள்ளை டேப்: கெண்டைச் சதைக்குக் கீழே இரண்டு சுற்று, நடுப்பாதத்தில் ஒன்று, இதைத் தளர்வாக. அடுத்து குதிகாலுக்கு அடியில் போகும் பட்டைகள் மூன்று, ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியை மறைத்தபடி. பெரும்பாலான சுளுக்கு பாதம் உட்பக்கம் மடங்கி வருவது என்பதால், பட்டையை உட்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் மேலே இழுங்கள். கடைசியில் குதிகாலை அசையாமல் பிடிக்கும் சுற்று (குதிகால் பூட்டு) இருபுறமும், கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்து எட்டு வடிவச் சுற்று, விட்டுப்போன இடைவெளிகளுக்கு மூடல்.

சுருக்கம் விழுவது ஏனென்றால், வெள்ளை டேப் நீளாது. கால் போகும் சாய்வில் அதை விடாமல், நீங்கள் நினைத்த திசைக்கு இழுக்கிறீர்கள். பழகும் வரை ஒவ்வொரு சுற்றுக்கும் கிழித்துப் போடுங்கள். சுருக்கத்தை அலட்சியம் செய்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் கொப்புளம் நிச்சயம்.

மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் நடுப்பாதச் சுற்றுதான். எழுந்து நின்றால் பாதம் அகலும். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தது அப்போது இறுகும். பாதத்தின் வெளி ஓரத்தில் துருத்தும் எலும்பு மேல் அழுத்தினால் வலிக்கவும் செய்யும். முடித்ததும் கால் நகத்தை அழுத்தி விடுங்கள், 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கே: ஆகஸ்ட் பயிற்சிக்குக் குளிர்நீர்த் தொட்டி நிரப்புவது எங்கள் வேலை. இதுவரை யாரும் அதில் இறங்கியதே இல்லை. தினமும் நிரப்பத்தான் வேண்டுமா?
– மாணவி, அலபாமா

ப: வேண்டும். 2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியில் வெப்பத்தாக்குக்கு ஆளாகி, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அவரைக் குளிர்நீரில் இறக்கவே இல்லை என்பது பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது.

இந்த நோயில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பேச்சும் நடத்தையும் குழம்பும். முதல் அரை மணிக்குள் 38.9-க்குக் கொண்டுவந்தால் பிழைக்க மிக நல்ல வாய்ப்பு. அதனால்தான் விதி: முதலில் குளிர்வி, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று. வெப்பத்தை டிரெய்னர் மலக்குடல் வழியாகத்தான் பார்ப்பார். காது, நெற்றித் தெர்மாமீட்டர்கள் இந்த நேரத்தில் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

உங்கள் பங்குக்கு: தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், பாதியளவு போதும். ஆள் இறங்கினால் மட்டம் ஏறும். நீர் 2 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; மேலே எப்போதும் ஐஸ் மிதக்கட்டும். மதியம் போட்ட ஐஸ் நாலு மணிக்குத் தண்ணீராகியிருக்கும், அதுதான் வழக்கமான கோளாறு. பக்கத்தில் ஐஸ் நிறைந்த கூலர் இரண்டு வையுங்கள். நீளத் துணி ஒன்றும் வேண்டும்: அதை வீரரின் அக்குளுக்கு அடியில் கொடுத்துப் பிடித்தால் தலை மூழ்காது. ஆள் உள்ளே இருக்கும்போது தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பைச் சுற்றிச் சூடான நீர் ஒரு போர்வைபோல நின்றுவிடும்.

தொட்டி பூட்டிய அறையில் இருப்பதும், ஆம்புலன்ஸ் வரும் கேட்டின் சாவி யாரிடம் என்று தெரியாததும் நிரப்பாததற்குச் சமம். சாவி யாரிடம் என்று தினமும் கேளுங்கள், சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கே: தலையில் அடிபட்ட வீரர், "தலை சுத்துது, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். சொல்லலாமா?
– மாணவர், மிச்சிகன்

ப: டிரெய்னரிடம் அந்த நிமிடமே. நீங்கள் பரிசோதிக்கவும் வேண்டாம், "கொஞ்சம் உட்காருங்க, சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லவும் வேண்டாம். மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் அன்று அவர் ஆடக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதி, அந்த முடிவு உங்களுடையது அல்ல.

டிரெய்னரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்களில் விளையாட்டுச் சூதாட்டம் சட்டபூர்வம். யார் ஆடமாட்டார் என்ற செய்திக்கு வெளியே விலை உண்டு. சிகிச்சை அறையில் செல்ஃபி எடுத்தால் பின்னால் மேசையில் படுத்திருப்பவரும் படத்தில் வருவார்.

கே: எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். இந்த வேலைக்குச் சம்பளம் வாங்கலாமா?
– மாணவர், கோவையிலிருந்து சென்றவர்

ப: வளாக வேலை என்றால் பருவ நாட்களில் வாரம் 20 மணி வரை வாங்கலாம். படித்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் தரும் அமெரிக்க அரசின் வொர்க்-ஸ்டடி நிதியிலிருந்து உங்களுக்குக் கிடைக்காது; கல்லூரியின் விளையாட்டுத் துறையே கொடுக்க வேண்டும். சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை, காலை தொடங்கி இரவு வரை இழுக்கும். நூலகத்திலோ கேண்டீனிலோ வேறு வேலை இருந்தால் அந்த மணிகளும் இதே 20-க்குள்தான் அடக்கம். சேரும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.