கல்வாழை நட்டும் நாற்றம் போகவில்லை

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் கொல்லைக் குழியில் விழுகிறது. சுத்தமாகும் என்று கல்வாழை நட்டு எட்டு மாதம் ஆகிறது. செடி செழிப்பாக இருக்கிறது, நாற்றமும் கொசுவும் குறையவில்லை. இந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

பதில்: கல்வாழை மேல் தப்பில்லை. செடி எடுப்பது கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). கழிவைத் தின்பவை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள். உங்கள் குழியில் அவை ஒட்ட இடமே இல்லை. தண்ணீர் வெளியே தெரிந்தால் கொசு முட்டையிடத்தான் செய்யும்.

ஜல்லிப் படுகை ஒன்று கட்டுங்கள். ஒரு நாளைக்கு 400 லிட்டர் என்று வைத்தால் 13 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். அடியில் தண்ணீர் கசியாத சில்பாலின் பிளாஸ்டிக் ஷீட், மேலே முக்கால் அங்குல ஜல்லி. மண் வேண்டாம். 1970களில் ஜெர்மனியில் இதே வேலைக்கு மண்ணில் நாணல் நட்டுப் பார்த்தார்கள். பல இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடியது. வெளியேறும் குழாயில் எல்போ (வளைவு இணைப்பு) மாட்டி, தண்ணீர் ஜல்லி மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். ஜல்லி இடுக்கில் 1,100 லிட்டர் போலப் பிடிக்கும். தண்ணீர் கடந்துபோகக் கிட்டத்தட்ட 3 நாள். உங்கள் கல்வாழைக் கிழங்கையே பிரித்து அடிக்கு ஒன்றாக நடலாம்.

எல்லாரும் செலவு பார்த்து விட்டுவிடுவது முன்தொட்டியைத்தான். படுகைக்கு முன்னால், ஒரு நாள் தண்ணீர் கொள்ளும் மூடிய தொட்டி கட்டாயம். எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும். வெளியேறும் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு மாட்டினால் நடுத் தண்ணீர் மட்டும் படுகைக்குப் போகும். மாதம் ஒருமுறை வழித்து எருக்குழியில் போடுங்கள். சோம்பினால் ஜல்லி பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். மொத்தத்தையும் அள்ளிக் கழுவ வேண்டியிருக்கும். அதை ஒருமுறை செய்தவர் அப்புறம் தொட்டியை மறக்க மாட்டார்!

கக்கூஸ் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு செப்டிக் டேங்கும் பெரிய படுகையும் வேண்டும், கணக்கே வேறு.

சரி, தென்னைக்கு வருவோம். படுகைத் தண்ணீரைத் தென்னை, வாழை, தீவனப்புல்லுக்குத் தாராளமாக விடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம். கிருமி முழுக்கப் போகாது. சோப்பில் வரும் சோடியமும் படுகையில் நிற்காது. ஒரே மரத்துக்கு ஊற்றாமல் மாற்றி மாற்றி விடுங்கள். உங்களுடையது களிமண் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதித்து, களர்த்தன்மை (சோடியம் மிகுந்து மண் இறுகுவது) ஏறுகிறதா என்று பாருங்கள்.