அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: போன இதழில் நீங்கள் சொன்ன லண்டன் கிட்டார் கலைஞர் விவ் ஆல்பர்டைனின் தன்வரலாற்றை மகள் தயவில் படித்தேன், அண்ணாச்சி. கிட்டார் வாங்கும்போது வாசிக்கவே தெரியாதாம். இதில் என்ன பெருமை? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பெருமையாக அவர் சொல்லவில்லையே. பாட்டி விட்டுப்போன பணத்தில் கிட்டார் வாங்கிவிட்டு, அதோடு திண்டாடியதை ஒளிக்காமல் எழுதுகிறார், அவ்வளவுதான். 1970-களில் லண்டனில் ‘பங்க்’ என்ற முரட்டு ராக் இசை வாசித்த கூட்டத்தில் ‘முறையாகக் கற்றுக்கொண்டு வா’ என்று யாரும் வாசலில் நிறுத்தவில்லை. ஆனால் அவர் இருந்த ‘தி ஸ்லிட்ஸ்’ இசைக்குழுப் பெண்கள் 1979-ல் போட்ட முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், ஜமைக்காவின் ரெகே தாளம் உள்ளே புகுந்து விளையாடும், அது ஒன்றும் தெரியாதவர்கள் வேலையா? நம்மூர்க் கோயில் கொடைவிழாவில் மகுடம் என்ற தோல்கருவியை அடிக்கிற கணியான் கூத்துக்காரர் எந்தக் கல்லூரியில் படித்தார்? (சரி, அவர் சின்ன வயதிலிருந்து பெரியவர்களோடு நின்று கற்றவர். உதாரணம் பாதிதான் பொருந்தும்.)

கேள்வி: விவ் ஆல்பர்டைன் தன் நோய், மணமுறிவு எல்லாவற்றையும் இப்படிப் பச்சையாகவா எழுதுவது? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: எனக்கும் சில பக்கங்களில் கூச்சமாகத்தான் இருந்தது, தாயி. ஆனால் குழு கலைந்து 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, நடுத்தர வயதில் மறுபடி கிட்டாரை எடுக்கிறாரே, அந்த இடத்தை என் வீட்டம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.