மேசைக்கடியில் ஒரு சிவப்புப் பெட்டி

மதிப்பிற்குரிய ஐயா,

கப்பலூரில் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனமொன்றில் ஆறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். புதிய மேலாளர் வந்தபின், காலைக் கூட்டம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ரிஜெக்‌ஷன் கூடியிருக்கிறது என்று சொன்னவரையே நிற்கவைத்துத் திட்டுகிறார். அதனால் கூட்டத்துக்கு முன்பே, கழித்த பொருள்கள் கிடக்கும் சிவப்புப் பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். சென்ற வாரம் நானும் தள்ளினேன். வேலையை விட்டுவிடலாமா?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

‘நானும் தள்ளினேன்’ என்ற இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மோல்டில் சுமார் 160 டிகிரிச் சூட்டில் குறித்த நேரம் வேக வேண்டிய ரப்பரை, எண்ணிக்கை காட்டுவதற்காகச் சற்று முன்னதாக எடுத்துவிட்டால், பிசிறு நீக்கியபின் அது நல்ல பொருளைப் போலவே இருக்கும். வண்டியில் பொருத்தி, மாதக்கணக்கில் அழுந்திய பிறகே அது மீண்டெழாமல் தட்டையாகிக் கிடப்பது தெரியவரும். மிரட்டி வேலை வாங்கும் இடத்துக் கணக்கும் அத்தகைய அரைவேக்காடுதான். மேலாளரின் பலகையில் ரிஜெக்‌ஷன் குறையும், வாடிக்கையாளரிடமிருந்து திரும்பிவரும் சரக்கு கூடும். 1950இல் ஜப்பானியத் தொழில்துறையினருக்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், பிற்காலத்தில் நிர்வாகத்துக்கென வகுத்த 14 கோட்பாடுகளில் 8ஆவதாக அச்சத்தை அகற்றச் சொன்னது வெறும் இரக்கத்தினால் என்று நான் நினைக்கவில்லை. அவர் புள்ளியியல் படித்தவர், பயந்தவன் தரும் எண்ணை வைத்து எதையும் திருத்த முடியாது.

இளம் வயதில் நானும் மதுரைக்கு வடக்கே ஒரு நூற்பாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி எதிர்பார்க்கும் உற்பத்தியை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப ஷிப்டுகளுக்குப் பங்கிட்டு எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதில் கூச்சம் விட்டுப்போக ஓராண்டு ஆயிற்று. அதற்குப் பிறகே விலகினேன். தாமதம்தான்.

ஆகவே விடுங்கள், ஆனால் வேறு வேலை உறுதியான பிறகு. நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கடந்துவிட்டதால் பணிக்கொடை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் புதிய இடத்திலும் அதுவேதான். அதுவரை, நீங்கள் எண்ணியதை எண்ணியபடியே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்; அவர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். அன்று நீங்கள் பெட்டியைத் தள்ளியதைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் யாரேனும் பார்த்திருந்தால், அவர்கள் எதிரிலேயே அதை வெளியே இழுத்துவைத்து எண்ணுங்கள்.