வாக்கர் என்றால் நடப்பவர்தானா?

மருமகனின் குடும்பப் பெயர் வாக்கர், முன்னோர் ஊர் ஊராக நடந்து கடிதம் சுமந்தவர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அவர்கள் நடந்தது துணிமேல்! இடைக்கால இங்கிலாந்தில் தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீர் ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்கு போய், இழைகள் நெருங்கி, துணி கெட்டிப்படும். எவ்வளவு கடினமான உழைப்பு, பாருங்கள்! அந்தத் தொழிலாளிதான் வாக்கர். இதே வேலைக்காரருக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர் என்று பெயர். வாக்கர் பெரும்பாலும் வடக்கத்திப் பெயர். அதனால் யார்க்‌ஷயரில் தேடத் தொடங்குங்கள். 1379ஆம் ஆண்டு தலைவரிப் பதிவேட்டில் பலருக்குப் பெயரோடு தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.