பேலட் பட்டறைக்குச் சுழற்சிப் பொருளாதார நிபுணர் தேவையா?

கேள்வி: வணக்கம் ஐயா. கெடா, பாடாங் செராயில் நானும் என் தம்பியும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) பட்டறை வைத்திருக்கிறோம். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து உடைந்த பேலட்டுகளை லோரியில் ஏற்றி வந்து, பழுது பார்த்துத் திருப்பி விற்கிறோம். கேட்டால் ரப்பர் மரத்தில் புதிதாகவும் அடித்துக் கொடுப்போம். இப்போது எங்கள் பெரிய வாடிக்கையாளர் நாலு பக்க ஃபாரம் அனுப்பி, நீடித்த உற்பத்தி, சுழற்சிப் பொருளாதாரம் என்று என்னென்னவோ கேட்டிருக்கிறார். ஓர் ஆலோசகர் 15,000 ரிங்கிட் கொடுத்தால் ஐஎஸ்ஓ 59004 சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மரத்தூளை அழுத்தி எரிகட்டியாக்கும் மெஷினும் வாங்கச் சொல்கிறார். பின்பக்கம் தூள் மலையாகக் கிடப்பது உண்மைதான். பணத்தைப் போடலாமா?

பதில்: இந்த இரண்டுக்கும் போட வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கப்புறம் பணத்தை எதில் போடலாம் என்று பார்ப்போம்.

முதலில் அந்தச் சான்றிதழ். ஐஎஸ்ஓ 59004 என்பது ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பு 2024 மே மாதம் வெளியிட்ட தரக் குறிப்பு. சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை, என்றால் என்ன, ஒரு நிறுவனம் அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவரலாம் என்று வழிகாட்டுவது அது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 போலத் தணிக்கையாளர் வந்து சரிபார்த்துச் சான்று கொடுக்கும் வகை அது இல்லை. அதே வரிசையில் 59020 என்று ஒன்று இருக்கிறது, அளந்து மதிப்பிடுவதற்கானது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதுவும் இப்போது தேவைப்படாது. ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால்கூடப் போதும். அந்தப் பதிலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

அடுத்தது அந்த ஃபாரம். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை முறையாக வெளியிட வேண்டும் என்று மலேசியாவில் 2024-இல் தேசிய அளவிலான அறிக்கைக் கட்டமைப்பு வந்துவிட்டது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் உள்ள ஆலைகளுக்கு அங்கிருந்தும் நெருக்கடி வரும். அவர்கள் வாங்கும் சரக்கும் அந்தக் கணக்கில் சேரும், அதில் உங்கள் பேலட்டும் ஒன்று. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரிக்குத் தன் எக்ஸெல் தாளில் நிரப்ப எண் வேண்டும், அவ்வளவுதான். கட்டுரை எழுதி அனுப்பினால் அவரும் படிக்கமாட்டார்.

அவர் கேட்கும் வேலையைத்தான் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், அதைக் கணக்கில் எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை. வால்டர் ஸ்டாஹெல் என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் 1976-இல் ஜெனிவியேவ் ரெடே என்பவரோடு சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சுழற்சிப் பொருளாதாரப் பேச்சுக்கு வேர்களில் ஒன்று அது. ஸ்டாஹெல் பிற்பாடு வலியுறுத்திய வரிசை எளிமையானது. உடையாததைப் பழுது பார்க்காதே. பழுது பார்க்க முடிந்ததைப் பிரித்து மறுபடி கட்டாதே. மறுபடி கட்ட முடிந்ததை உடைத்து மூலப்பொருளாக்காதே. பொருள் சுற்றி வரும் வட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு லாபமும் மிச்சமும் அதிகம். உங்கள் ஆலோசகர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கடைசியில் மிஞ்சும் தூளுக்கு மெஷின் வாங்கச் சொல்கிறார், முற்றத்தில் குவிந்து கிடக்கும் பேலட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சரி, முற்றத்துக்கு வருவோம். லோரி வந்து இறக்கியதும் உங்கள் ஆட்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? உடைசலைத்தான் பார்ப்பார்கள். இனிமேல் முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் மரப் பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னமும், பக்கத்தில் நாட்டுக் குறியீடும், தயாரிப்பாளர் எண்ணும், கடைசியில் மரத்திலுள்ள பூச்சியைக் கொல்ல எந்தச் சிகிச்சை செய்தது என்ற எழுத்துகளும் இருக்கும். எச்டி (HT) என்றால் வெப்பச் சிகிச்சை: மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ், விடாமல் 30 நிமிடம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது. எம்பி முத்திரையைப் பார்த்தால் அதைத் தனி அடுக்காகப் போட்டுவிடுங்கள். அந்தத் தூள் காளானுக்கும் போகக்கூடாது, கோழிப் பண்ணைக்கும் போகக்கூடாது.

இந்த முத்திரைக்குப் பின்னால் இருப்பது ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி. பழுது பார்ப்பவர்களை அதிகம் மாட்டிவிடுவதும் அதுதான். ஒரு பேலட்டின் பாகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை மாற்றினால் அது பழுது பார்த்தது. பழைய முத்திரை அப்படியே இருக்கலாம், ஆனால் புதிதாகப் போடும் பலகை சிகிச்சை செய்ததாக இருக்க வேண்டும், மாற்றிய ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியே முத்திரை இருக்க வேண்டும். பிளைவுட் போன்ற பதப்படுத்திய பலகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றிவிட்டால் கதையே வேறு. பழைய முத்திரைகளைச் சுத்தமாக அழித்து, முழுப் பேலட்டையும் மறுபடி சூடேற்றி, புது முத்திரை போட வேண்டும். புது முத்திரை போடும் உரிமை வேளாண் துறையில் பதிந்தவர்களுக்குத்தான் உண்டு. உள்நாட்டுக்குள் ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே ஓடும் பேலட்டுக்கு இந்த விதி கிடையாது. ஆகவே வந்ததுமே ஏற்றுமதி அடுக்கு, உள்ளூர் அடுக்கு என்று பிரித்துவிடுங்கள். நல்ல சிகிச்சைப் பலகையை உள்ளூர் பேலட்டில் அடித்துவிட்டு, ஏற்றுமதிக்குப் பலகை தேடி அலைவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம்.

இன்னொன்று. எச்டி முத்திரை இருந்தாலே மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூச்சி சாகும், ஈரம் உள்ளேயே இருக்கலாம். ஈரமான பேலட்டில் சரக்கை அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, கன்டெய்னரில் பூட்டினால், திறக்கும்போது பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் இது சீக்கிரமே வரும். மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் பலகையை அடிக்காதீர்கள். திரும்பி வரும் ஒரு லோரிச் சரக்கை மிச்சப்படுத்தினாலே மீட்டர் காசு வந்துவிடும்.

உடைசல் எங்கே நடக்கிறது என்றும் கவனியுங்கள். ஒரு வாரத்துக்கு உங்கள் ஆட்களிடம் சாக்பீஸைக் கொடுத்து, கழற்றும் ஒவ்வொரு பலகையும் எந்த இடத்தது என்று சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓரத்துப் பலகையாகத்தான் இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் நாக்கு முதலில் இடிப்பது அங்கேதான். அப்படியென்றால் ஓரப் பலகையை மட்டும் கொஞ்சம் தடிமனாகவோ வலுவான மரத்திலோ போட்டால், அதே பேலட் இன்னும் சில சுற்று தாங்கும். கடப்பாரையால் நெம்பிக் கழற்றினால் நல்ல பலகையும் பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ரம்பத்தை விட்டு ஆணியை மட்டும் அறுக்கும் பேண்ட்சா மெஷின் இருக்கிறது. எரிகட்டி மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இதில் போடுங்கள் என்பேன். பலகை முழுசாகக் கையில் வரும், உதிரும் ஆணித் துண்டுகளைக் காந்தம் வைத்துப் பொறுக்கி இரும்புக் கடைக்குப் போடலாம்.

எரிகட்டி மெஷின் ஏன் வேண்டாம்? கட்டி ஒட்டிப் பிடிக்கத் தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனையும் உங்கள் பின்பக்கக் குவியலுக்கு உலர்த்தியும் வாங்க வேண்டிவரும். அப்புறம் நாள் முழுக்க ஓட்டத் தூள் வேண்டும். நாள் முழுக்க மரம் அறுக்கும் ஆலைக்குச் சரி, பழுது பார்க்கும் பட்டறையில் தூள் குறைவாக விழுவதுதான் நல்ல அறிகுறி. இடையில் ஓர் ஆணி மாட்டினால் மெஷினும் போச்சு. தூளுக்குக் கூரை போட்ட ஒரு மூலை, இரண்டு பிரிவு, அதுவே போதும். சுத்தமான, எதுவும் பூசாத ரப்பர் மரத் தூளைச் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். நூறு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு என்பது இந்நாட்டில் வழக்கமான கலவை. பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்து ஏற்றிய மரமோ, இறக்குமதி பைன் மரமோ அதில் கலந்தால் அவர்கள் பையில் காளான் சரியாக வராது, உங்கள் பெயரும் கெடும். ஆகவே ரப்பர் தனி, மற்றது தனி. மற்றதைக் கொதிகலன் வைத்திருக்கும் ஆலை எரிபொருளாக எடுக்குமா என்று விசாரியுங்கள். பெயிண்ட் அடித்ததையும் எம்பி முத்திரை உள்ளதையும் அதிலும் சேர்க்க வேண்டாம். பின்பக்கம் நெருப்பு வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை இன்றே மறந்துவிடச் சொல்லுங்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது, 2024 திருத்தத்தில் தண்டனையும் கடுமையாகிவிட்டது.

இரசாயனம் சிந்திக் கறை பிடித்த பேலட்டை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்றாதீர்கள். அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிகள் அதை உருவாக்கிய ஆலையைத்தான் பொறுப்பாக்குகின்றன. உங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டால் தலைவலி உங்களுடையது.

இப்போது நிபுணர் விஷயம். நிபுணரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் மரமே அதற்குச் சாட்சி. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டி, வற்றிப் போன ரப்பர் மரம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கும், ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகைக்கும் விறகாகத்தான் போனது. அறுத்தால் சில நாளில் நீலம் பாய்ந்து, வண்டு துளைத்து, மாவாகக் கொட்டிவிடும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் மற்றவர்களும் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அறுத்த ஓரிரு நாளுக்குள் அழுத்தத்தில் போரான் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் மரம் நிற்கும் என்று வழி பிறந்தது. இன்று இந்த நாட்டின் மரத் தளவாட ஏற்றுமதியில் பெரும் பங்கு அந்த விறகு மரம்தான். அதைச் செய்தவர்களுக்கு வண்டையும் தெரிந்திருந்தது, மரத்தின் மாவுச்சத்தையும் தெரிந்திருந்தது. நிபுணர் என்றால் அப்படி இருக்க வேண்டும். உங்கள் ஆலோசகர் பட்டறைக்கு வந்தாரா, ஒரு பேலட்டையாவது புரட்டிப் பார்த்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு உண்மையில் வெளியாள் தேவைப்படும் இடம் இரண்டுதான். ஒன்று, வெப்பச் சிகிச்சை அறை சொந்தமாகக் கட்டுவதா, இல்லை பதிந்த வேறொருவரிடம் கூலிக்கு அனுப்புவதா என்ற கணக்கு. அறை கட்டினால் உங்கள் கழிவுக் கட்டைகளே அதற்கு விறகாகலாம், ஆனால் வெப்பப் பதிவுக் கருவி, பதிவு, ஆய்வு எல்லாம் உண்டு. மாதம் எத்தனை ஏற்றுமதிப் பேலட் என்று தெரியாமல் இதை முடிவு செய்யக் கூடாது. மற்றது, வாடிக்கையாளரோடு ஒப்பந்தம். இப்போது அவர் உடைந்ததை உங்களிடம் தள்ளிவிட்டு, பழுது பார்த்ததைத் திருப்பி வாங்குகிறார். அதை மாற்றி, பேலட் உங்களுடையதாகவே இருந்து, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அவர் வாடகை தருவதாக வைத்தால், பேலட் நீண்ட நாள் உழைத்தால் லாபம் உங்களுக்கு. ஆனால் தொலைந்து போகும் பேலட்டுக்கு யார் பொறுப்பு என்று எழுதாமல் இதில் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். இதற்கு நல்ல வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம், 15,000 ரிங்கிட் ஆகாது.

ஃபாரத்தை நிரப்ப மூன்று மாதக் கணக்கு இருந்தால் போதும். உள்ளே வந்த பேலட் எத்தனை, பழுது பார்த்துத் திரும்பப் போனது எத்தனை, முழுதும் பிரித்தது எத்தனை, பிரித்ததிலிருந்து மீண்ட பலகை எவ்வளவு, புதிதாக வாங்கிய மரம் எவ்வளவு, குப்பைக்குப் போன எடை, லோரி டீசல், மின்சார பில். ஒவ்வொரு வகைப் பேலட்டிலும் சிலதைத் தராசில் போட்டுச் சராசரி எடை எழுதி வையுங்கள், எண்ணிக்கையைக் கிலோவாக மாற்ற அது வேண்டும். உதாரணத்துக்கு, மாதம் 1,000 பேலட் வந்து 700 பழுது பார்த்துத் திரும்பினால் அந்த 700-ஐத்தான் முதல் வரியில் எழுத வேண்டும், மரத்தூளை அல்ல. கேள்விகள் புரியாவிட்டால் கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023-இல் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்றே வெளியிட்ட எளிய வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி, உங்களுக்கு அடிப்படை போதும்.

கணக்கு இன்னும் இல்லையென்றால் இந்த மாத ஃபாரத்தில் இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். "பதிவு தொடங்கியுள்ளோம், மூன்று மாதத்தில் தருகிறோம்" என்று எழுதி, கூடவே ஒரு பேலட்டைப் பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்து அனுப்புங்கள். பெரும்பாலான கொள்முதல் அதிகாரிகள் அதை ஏற்றுக்கொள்வார்கள். அவர் மறுத்து, உடனே சான்றிதழ்தான் வேண்டும் என்றால், எந்தத் தரத்தின் சான்றிதழ் என்று அவரையே எழுதித் தரச் சொல்லிவிட்டு, அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.