பக்கத்து ஏரியில் பாஸ் மீனுக்கு அளவு வரம்பு கேட்கலாமா?

கேள்வி: கோலாலம்பூரில் எங்கள் குடியிருப்புத் தாமானை ஒட்டிய ஏரியில் பீகாக் பாஸும் தோமான் என்ற விரால் வகையும் இருக்கின்றன. வர வர எல்லாம் சின்னதாகவே மாட்டுகிறது. அமெரிக்க ஏரிகளில் உள்ளது போல "35 செ.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 மீன்" என்று குடியிருப்பாளர் சங்கம் வழியாக விதி கேட்டால் மீன் தேறுமா?

பதில்:

விதி கேளுங்கள். ஆனால் அந்த இரண்டு எண்களைக் கேட்காதீர்கள்.

14 அங்குலம், அதாவது சுமார் 35 செ.மீ., நாளுக்கு 5 மீன் என்பது டெக்சாஸ் மாநிலத்தில் லார்ஜ்மவுத் பாஸுக்கு உள்ள பொது விதி. அதே மாநிலத்தில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போனால் விதி தலைகீழாக இருக்கும். அங்கே 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீனை விட்டுவிட வேண்டும். அதைவிடச் சிறியதை எடுத்துப் போகலாம். 24 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் ஒன்றே ஒன்று. ஃபுளோரிடாவில் 2016 முதல் நாளுக்கு 5 மீன், அதில் 16 அங்குலத்தைத் தொட்டது ஒன்றுக்கு மேல் கூடாது. கீழ் வரம்பே இல்லை. மீன் ஒன்றுதான். ஏரியில் எது குறைகிறது என்று அளந்து பார்த்த பிறகு எழுதிய விதிகள் இவை.

நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏரிக்கு வருகிறவர்கள் பிடிக்கும் மீனின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். நூறு மீனாவது சேர வேண்டும். பெரிய லூர் (செயற்கை இரை) போட்டால் பெரிய மீன்தான் கடிக்கும், அதனால் சின்ன லூர், உயிர் இரை என்று எல்லா வகைப் பிடிப்பும் கணக்கில் வரட்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், சின்ன மீனை யாரும் படம் எடுப்பதில்லை. லார்ஜ்மவுத்துக்கு அமெரிக்காவில் இப்படிக் கணக்கிடுகிறார்கள்: 20 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள மீன்களில் 30 செ.மீ.யைத் தொட்டவை எத்தனை விழுக்காடு? 40 முதல் 70 வரை இருந்தால் ஏரி நல்ல நிலையில் இருக்கிறது. எடைக்கும் அளவுகோல் உண்டு. 30 செ.மீ. லார்ஜ்மவுத் சுமார் 380 கிராம், 40 செ.மீ. என்றால் சுமார் 970 கிராம் இருக்க வேண்டும். இதில் 85 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் மீனுக்குத் தீனி போதவில்லை. இந்த எண்களைத் தோமானுக்கோ பீகாக் பாஸுக்கோ பொருத்தக் கூடாது, உடல்வாகு வேறு. ஆனால் ஒரே ஏரியில் ஒரே நீளமுள்ள மீன்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டாலே இளைக்கிறதா, தேறுகிறதா என்று தெரிந்துவிடும்.

நீளத்தையும் எடையையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன மீனே அதிகம், ஆனால் கொழுகொழுவென்று இருக்கிறது என்றால், வளர்ந்ததெல்லாம் சட்டிக்குப் போகிறது. அங்கே கீழ் வரம்பு பலிக்கும். சின்ன மீனே அதிகம், அதுவும் தலை பெருத்து வயிறு ஒட்டிப் போயிருக்கிறது என்றால், குஞ்சு கூடிப்போய்த் தீனிக்கு அடித்துக்கொள்கின்றன. அந்த ஏரியில் 35 செ.மீ. வரம்பு வைத்தால் 33, 34 செ.மீ. மீன்கள் குவிந்துகிடக்கும், எதுவும் 35ஐத் தாண்டாது. காப்பாற்றுவதாக நினைத்து நாமே நெரிசலைக் கூட்டுகிறோம். இப்படிப்பட்ட ஏரிக்குத்தான் லேக் ஃபோர்க் மாதிரி ஸ்லாட் விதி: சின்னதை எடு, நடுத்தரத்தை விடு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நாங்கள் எதையுமே எடுப்பதில்லை, பிடித்து விட்டுவிடுவோம்" என்று பெருமை பேசுகிறவர்கள் நிறைந்த ஏரியில் ஸ்லாட் வெறும் பலகையாக நிற்கும். சின்ன மீன் வெளியே போனால்தான் அது வேலை செய்யும்.

ஆளுக்கு 5 என்ற நாள் வரம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு காலை 20 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். 12 பேருக்கு ஒன்றுமில்லை, 5 பேருக்கு ஒவ்வொன்று, 2 பேருக்கு இரண்டிரண்டு, ஒரு கில்லாடிக்கு 6. மொத்தம் 15. வரம்பு 5 என்றால் தப்புவது ஒரே மீன். 2 என்று இறக்கினாலும் 4தான். பிடிபடுவதைக் குறைக்க வேண்டுமென்றால் வரம்பு 1 அல்லது 2க்கு வர வேண்டும். 5 என்பது பங்கு பிரிக்கும் மரியாதை, அவ்வளவே.

இனி உங்கள் மீன்களுக்கு வருவோம். பீகாக் பாஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன்; அதற்கு எந்த வரம்பும் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. "ஃபுளோரிடாவில் காப்பாற்றுகிறார்களே" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், அங்கே நாளுக்கு 2, அதில் 17 அங்குலத்தைத் தொட்டது ஒன்றுதான். ஆனால் திலாப்பியா போன்ற வெளியூர் மீன்களைத் தின்னட்டும் என்று 1984இல் அரசே கொண்டுவந்து விட்ட மீன் அது. தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செத்துவிடும் என்பதால் மாநிலத்தின் தெற்குக் கால்வாய்களைத் தாண்டி வடக்கே பரவ முடியாது. குளிர்தான் அங்கே வேலி. கோலாலம்பூரில் அந்த வேலி கிடையாது. பனாமாவின் காதுன் ஏரியில் 1960களில் பீகாக் பாஸ் புகுந்தபின் உள்ளூர்ச் சிறு மீன்கள் பெருமளவு அழிந்தன. ஆகவே சின்னதோ பெரியதோ, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்; வெள்ளைச் சதை, அசம் பெடாஸுக்கு நன்றாகவே இருக்கும். குஞ்சைக் காவல் காக்கும் ஜோடியைப் பிடித்தால் இன்னும் நல்லது, காவலில்லாத குஞ்சுகளைத் திலாப்பியா பார்த்துக்கொள்ளும். ஒரு ஏரியில் பிடித்ததை உயிரோடு வாளியில் வைத்து இன்னொரு ஏரியில் விடுவதை மட்டும் எவரும் செய்யக் கூடாது.

தோமான் நம் ஊர் மீன். இதற்கு நீள வரம்பைவிட அவசரமானது வேறு. தோமான் குஞ்சுகள் செந்நிறத் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தத் திரளின் மேல் லூரை வீசினால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். நம்மவர்கள் பலர் இதைத்தான் தேடிப் போகிறார்கள். பெற்றோர் போன சிறிது நேரத்தில் குஞ்சுத் திரளை மற்ற மீன்கள் முடித்துவிடும். அதனால் கேட்க வேண்டிய முதல் விதி, "குஞ்சுத் திரளின் மேல் வீசக் கூடாது". அடுத்தது ஆளுக்கு நாளுக்கு ஒன்று. நீள வரம்பை, எந்த அளவில் வயிற்றில் முட்டை வருகிறது என்று எடுத்துப்போகும் மீன்களை அறுக்கும்போது குறித்துவைத்து, ஒரு வருடம் கழித்து முடிவு செய்யலாம்.

விடச் சொல்லும் எந்த விதியும் விட்ட மீன் பிழைத்தால்தான் விதி. நம் ஏரித் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு, ஆக்சிஜன் குறைவு. சண்டை நீண்டால் பாஸ் மீன் நீந்திப் போன பிறகும் செத்துப்போகும். அதனால் எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கி, கனமான தூண்டில் நரம்பு, ஈரக் கை வேண்டும். தொண்டைக்குள் போன கொக்கியைத் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். தோமான் காற்றை விழுங்கி வாழும் மீன் என்பதால், வலைப்பையில் போட்டு முழுக்க நீருக்குள் அமிழ்த்தினால் மூழ்கியே சாகும்.

யாரிடம் கேட்பது? உள்நாட்டு நீர்நிலை மீன்பிடிப்பு மாநில அதிகாரம். கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்கு மட்டும் கூட்டரசு அமைச்சர். ஆகவே சிலாங்கூர் எல்லையைத் தாண்டினாலே விதி மாறலாம். விஷம், வெடி, மின்சாரம் வைத்து எங்குமே பிடிக்கக் கூடாது. பூங்காவில் தூண்டில் போட அனுமதி உண்டா என்பதை மாநகர் மன்றப் பலகையில் முதலில் பாருங்கள்; அனுமதியே இல்லாத ஏரிக்கு அளவு விதி கேட்டுப் பயனில்லை.

மனுவில் அளக்கும் முறையையும் எழுதிவிடுங்கள்: மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயை மூடி, வாலை ஒடுக்கி, மூக்கு நுனி முதல் வால் நுனி வரை. படித்துறைப் பலகையில் சென்டிமீட்டர்க் கோடு வரையச் சொல்லுங்கள். கரையிலேயே தலையை வெட்டுவதும் துண்டு போடுவதும் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். துண்டு போட்ட மீனை எந்தக் காவலரும் அளக்க முடியாது.