தடய அறிவியல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அரசுத் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றின் நஞ்சுப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நடக்கிற வழக்குகளைப் பற்றிக் கேட்காதீர்கள். மற்றதைக் கேளுங்கள்.

+2 மாணவி, நாமக்கல்: நேரே பி.எஸ்சி. தடய அறிவியல் சேரலாமா சார்?

சேரலாம். ஆனால் நான் வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ முதலில் படி, முதுநிலையில் தடய அறிவியல் எடு என்பேன். ஆய்வகத்தில் வேலை பிரிவு பிரிவாகத்தான் நடக்கும். நஞ்சுக்கு வேதியியல் ஆள் வேண்டும், டி.என்.ஏ.வுக்கு உயிரியல், துப்பாக்கிக்கு இயற்பியல். தமிழ்நாட்டில் ஆய்வகத்தின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். விரல் ரேகைப் பிரிவு காவல்துறையைச் சேர்ந்தது, அங்கே எஸ்.ஐ. பதவிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கும். பிரேதப் பரிசோதனை டாக்டர் வேலை: எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி. மூன்றும் மூன்று வாசல். எந்த வாசல் என்று முடிவு செய்துவிட்டுக் கல்லூரியைத் தேடம்மா.

தமிழாசிரியர், தேனி: தடயவியலா, தடய அறிவியலா?

இரண்டும் புழக்கத்தில் உண்டு. துறையின் பெயர்ப்பலகையில் இரண்டாவது. 'ஃபாரன்சிக்' என்பதன் வேர், ரோமாபுரியில் வழக்கு நடந்த 'ஃபோரம்' என்ற பொதுவெளி. அந்தச் சொல்லில் குற்றமும் இல்லை, தடயமும் இல்லை, வழக்குமன்றம்தான் இருக்கிறது. நாங்கள் எழுதுவதும் நீதிபதிக்குத்தான்.

சினிமா ரசிகர்: தெளித்ததும் ரத்தம் நீலமாக ஒளிர்கிறதே, நிஜமா?

நிஜம்தான். அது லூமினால். ரத்தத்தில் இருக்கும் இரும்பு அந்த வினையைத் தூண்டும். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையும் ஒளிரும்! அதனால் அது முதற்கட்டச் சோதனை மட்டுமே. ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி அனுப்பினால் நுண்ணுயிர்கள் எங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

வரலாற்று மாணவர், சென்னை: இந்தியாவில் இது எப்போது தொடங்கியது?

உங்கள் ஊரில்தான். 1849இல் மதராஸில் அமைந்த ரசாயனப் பரிசோதகர் ஆய்வகமே இந்தியாவில் முதலாவது. கல்கத்தாவுக்கு 1853இல் வந்தது. எல்லாம் நஞ்சைத் தேடத்தான். அந்தக் காலத்து விஷம் என்றால் ஆர்சனிக், நம் ஊர்ப் பாஷாணம். வெள்ளைப் பொடி, ருசி இல்லை, வாந்தியும் பேதியும் காலராவைப் போலவே இருக்கும், யார் சந்தேகப்படுவார்?

1836இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மார்ஷ் ஒரு வழி சொன்னார். சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாகக் கிளம்பும். அதைச் சூடான கண்ணாடிக் குழாயில் விட்டால் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளப்பாகப் படியும். 1840இல் பிரான்ஸில் லஃபார்ஜ் வழக்கு நடந்தது. கணவனை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக மனைவி மீது குற்றச்சாட்டு. உள்ளூர் வேதியியலாளர்கள் இருக்கிறது என்றும் இல்லை என்றும் மாறி மாறிச் சொல்லிக் குழப்ப, பாரிஸிலிருந்து நஞ்சியல் நிபுணர் ஓர்ஃபிலா வந்து உடலில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டினார். எனக்கு இதில் பிடித்தது அந்தக் குழப்பம்தான். சோதனை ஒன்றுதான், செய்த கைகள் வேறு.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ., விரல் ரேகைப் பிரிவு: நஞ்சையே பேசுகிறீர்கள். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியதையும் ஹென்றி முறையையும் விட்டுவிட்டீர்களே?

விடவில்லை அண்ணா, வந்துகொண்டிருந்தேன். ஆனால் 'ஹென்றி முறை' என்ற பெயரோடு எனக்குச் சண்டை உண்டு. பத்து விரல் ரேகையை 1024 அறைகளில் அடுக்கும் கணக்கை உருவாக்கியதில் அன்றைய வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றிக்குக் கீழே வேலை செய்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரும் பங்கு. பெயர் மட்டும் மேலதிகாரிக்கு.

அதே எஸ்.ஐ.: அது சரி. ஆனால் ரேகை பொய் சொல்லாது. டி.என்.ஏ. எல்லாம் நேற்று வந்தது.

டி.என்.ஏ. அடையாளம் 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டது, உண்மைதான். ரேகை பொய் சொல்லாது, பார்க்கிறவர் தவறலாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகையை அமெரிக்க எஃப்.பி.ஐ. தன் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று அடித்துச் சொல்லிக் கைது செய்தது. ஸ்பெயின் போலீஸோ அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டது.

அதே எஸ்.ஐ.: அது கணினி செய்த தப்பு!

இல்லை. கணினி பட்டியல்தான் கொடுத்தது. இவர்தான் என்றது அனுபவமுள்ள நிபுணர்கள். முதலாமவர் சொன்னதை அடுத்தடுத்து ஆமோதித்தார்கள்.

அதே எஸ்.ஐ.: இருவர் ரேகை ஒன்றாக இருக்கவே முடியாது.

அதை நான் மறுக்கவே இல்லையே. ஆனால் முழு ரேகையா உங்கள் மேசைக்கு வரும்? பாதி நசுங்கியது, மேலே வேறு விரல் பட்டது. அதை வைத்துச் சொல்லும்போதுதான் பிரச்சினை.

அதே எஸ்.ஐ.: நசுங்கினதுதான் வரும், ஒப்புக்கொள்கிறேன். பேனாவைப் பிடித்திருந்த என் கையும் சில நாள் நடுங்கியதுண்டு.

இந்த ஒரு வரிக்காகத்தான் அண்ணா இவ்வளவு நேரம் வம்பிழுத்தேன்.

+2 மாணவர், கரூர்: தடய அறிவியல் படிக்க என்ன செய்யணும்?

மேலே நாமக்கல் மாணவிக்குச் சொன்னதைப் படி தம்பி.

பெற்றோர், ஓசூர்: என் மகள் +2. தடய அறிவியல் நல்ல படிப்பா?

நாமக்கல். மேலே.

வாசகர்: மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை செய்தால் உண்மை வந்துவிடுமே?

வராது. அதோடு, சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாசகர், சேலம்: மாமாவின் உயிலில் கையெழுத்து போலி என்று நினைக்கிறேன். படம் அனுப்பட்டுமா?

வேண்டாம். வழக்கறிஞரைப் பாருங்கள், மூல ஆவணம் நீதிமன்றம் வழியாகப் போகட்டும். படத்தை வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

காவலர், தென்மாவட்டம்: புதிய சட்டத்தில் 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடய நிபுணர் இடத்துக்கு வர வேண்டுமாமே. அவர் வரும் வரை நாங்கள் என்ன செய்வது?

அப்பாடா, கேட்டாரய்யா ஒருவர்! பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு. மாநிலங்கள் நடைமுறைக்குக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு, அதனால் உங்கள் ஊரில் நிபுணர் வர நேரமாகலாம். அதுவரை யாரையும் உள்ளே விடாதீர்கள், நீங்களும் சுற்றாதீர்கள், யார் வந்து போனார் என்று எழுதுங்கள். நிபுணர் வந்து பார்த்த பிறகு துணியைச் சுத்தமான பழுப்புத் தாள் மேல் நிழலில் உலர்த்துங்கள், வெயில் ஆகாது. பழைய செய்தித்தாள் வேண்டாம். உலர்ந்ததும் காகித உறைதான். உள்ளுறுப்பு என்றால் ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்; பல நஞ்சுகளுக்குச் செறிந்த உப்புக் கரைசல் போதும், அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தனிப் புட்டியில் வேண்டும். துணியை மடிக்கும்போது கறை மேல் கறை படாமல் நடுவில் ஒரு தாள் வையுங்கள்.